முப்பத்தொன்று

நிற்கிற சைக்கிளில் ஓடச் சொன்னார்கள்.

இரண்டு இரும்பு உருளை.
அதன்மேல் பின்சில்லு.
ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள
நான் மிதிக்கிறேன்.
காலை ஏழேகால்.
ஓல்ட்டன் பனிப்புகாருக்குள்
ஆரே ஆறு சத்தமாக மட்டும் போகிறது.
ஒரு சாண்கூட நகரவில்லை நான்.
திரையில் பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தைந்து.
அங்கே மோட்டார் கைவிட்டிருக்க வேண்டும்.
விடவில்லை.
முப்பத்தெட்டு.

பொலிஸ்காரியின் பெயர் பீரி என்று சட்டையில் இருந்தது.
கையுறையைப் பல்லால் கழற்றி
எண்ணை எழுதினாள்.
குரல் உயரவில்லை.
உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபம்.

இருபத்தைந்து என்பது ஒரு கை.
முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே வரும்.
சமதரையில், ரயில்நிலையம் தாண்டி,
சரியாகப் பறக்கத் தொடங்கும் இடத்தில்
சொல்லாமல் எடுத்துவிடும்.
உன் உடம்பு, உன் மருந்துப்பை, உன் மழைக்கோட்டு,
எல்லாப் பாரமும் ஒரே நொடியில் உன்னிடம் திரும்பி வரும்.

ஊரில் சில்லென்றால் சக்கரம்.
டுலிக்கனில் ஒரு நிலக்கீழ் அறையில்
நூற்றிநாற்பது பிராங் கொடுத்து நான் பூட்டுவித்தது
வேறு சில்லு. கறுப்பு. அரைத் தீப்பெட்டி அளவு.
மோட்டாரிடம் அது நாள் முழுக்கப் பொய் சொல்லும்:
மெதுவாய்த்தான் போகிறோம், மெதுவாய்த்தான்.

எனக்கும் ஒரு பொய் தயாராக இருந்தது.
பழைய சைக்கிள், உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது.
டொச்சிலும் அந்த வசனத்துக்கு
வினை கடைசியில்தான் வரும்.
வினை வருவதற்குள் மனம் மாறிவிட்டது.
"நானே பூட்டுவித்தேன்" என்றேன்.

படிவத்தில் குடும்பப் பெயருக்குப் பத்துக் கட்டம்.
தர்மகுலசிங்கத்தை எழுத்தெழுத்தாய் இறக்கினாள்.
சிங்கம் வெளியே நின்றது.

இந்நேரம் ஹெர் நியூன்லிஸ்ட்
ஒரு காலை முக்காலியில் நீட்டியிருப்பார்.
இறுக்கக் காலுறை, பத்து நிமிஷம்.
கண்ணுக்குச் சொட்டுமருந்து, மூன்று நிமிஷம்.
கதைப்பதற்கு அட்டவணையில் குறியீடு இல்லை.
முதல் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு
மூன்று தசம் ஒரு கிலோமீற்றர்.
பயணம், ஆறு நிமிஷம்.

இரண்டு வருஷம் அந்த வரியைத் தினமும் பார்த்திருக்கிறேன்.
பனிக்குள் மடக்குமேசை, அதில் நூல் கட்டிய பேனை.
கையில் கிடந்த தாளின் பின்புறம்
மூன்று தசம் ஒன்றை ஆறால் பிரித்து
அறுபதால் பெருக்கினேன்.

முப்பத்தொன்று.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எனக்கு வராது;
இன்னொரு தரம் செய்தேன்.
பெற்றரி இல்லை, மிதி இல்லை,
அலுவலகச் சுவரில் நாலு குண்டூசியில் தொங்கியபடி
அந்தத் தாள்
மணிக்கு முப்பத்தொன்றில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பீரியிடம் நீட்டினேன்.
நேரமெடுத்துப் பார்த்தாள்.
"இதை உருளையில் ஏற்ற முடியாதே" என்றாள்.
பகிடியா, இல்லையா,
இன்றுவரை விளங்கவில்லை.

சைக்கிள் வானில் ஏறியது.
நான் மருந்துப்பையோடு நடந்தேன்.
எட்டுமணிக்குப் போய்ச் சேர்ந்தபோது
நியூன்லிஸ்ட் தானே காலுறை போட்டிருந்தார்,
குதிக்கால் மேலே பார்த்தபடி.
இருவரும் அதைப் பார்த்தோம்.
ஒன்றும் சொல்லவில்லை. கழற்றினேன்.

இப்போது சில்லு இல்லை.
அபராதம் மாதம் எண்பது.
இருபத்தைந்தில் கை முதுகைவிட்டு எடுபடும்போது
"சரி, போ" என்கிறேன்.
அட்டவணையில் இன்னும் ஆறு நிமிஷம்தான்.
எனக்கு ஏழரை ஆகிறது.
அந்த ஒன்றரையைக் காலுறையில் எடுக்க முடியாது,
சொட்டுமருந்தில் எடுக்க முடியாது.

ஆகவே அவருடைய தம்பி
கனடாவில் கரடித்தோல் வாங்கிய கதை
மூன்று கிழமையாக
விமானநிலையத்திலேயே நிற்கிறது.